பன்னிரண்டு மணிக்கு அவன் முறை

வாய்க்கால் கரைக்கு டைம்பீஸ் கொண்டு வந்த ஒரே மனிதன் அவன்தான். கைக்கடிகாரம் இல்லை. வீட்டில் அலமாரியில் வைக்கிற, முதுகில் சாவி கொடுக்கிற, இரண்டு காலில் நிற்கிற டைம்பீஸ். பச்சைப் பெயிண்ட் பாதி உரிந்திருக்கும். அவன் அம்மாவுக்குக் கல்யாணத்தில் வந்தது. துண்டில் சுற்றி எடுத்து வருவான். அந்தத் துண்டையே நாலாக மடித்து வரப்பில் போட்டு, அதன்மேல் டைம்பீஸை நிறுத்தி, முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவான். பன்னிரண்டு மணிக்கு அது கணகணவென்று அடிக்கும். அடித்தால் எங்கள் வயலின் மடையை மூட வேண்டும், அவன் வயலின் மடையைத் திறக்க வேண்டும். அடித்த பிறகு ஒரு நிமிடம் நாங்கள் தண்ணீர் எடுத்தாலும் எழுந்து நின்றுவிடுவான். சத்தம் போட மாட்டான். டைம்பீஸைக் கையில் தூக்கி எங்களுக்குக் காட்டிக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான்.

ஊரில் அவனுக்கு டைம்பீஸ் என்றே பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று அவன் அம்மாவைக் கேட்டேன். "வேண்டாங்க டீச்சர், அது கல்லுல வெட்டுன பேரு. நீங்க வயல்ல நின்னவனப் பத்தி எழுதுங்க" என்றார்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் வயல்கள் வாய்க்காலின் கடைசியில். மேட்டூர் நிறைந்த வருடங்களில் இது ஒரு விஷயமே இல்லை. நிறையாத வருடங்களில் ஊர் கூடி முறை வைப்பார்கள். எட்டு நாளைக்கு ஒரு சுற்று, ஒரு மாவுக்கு ஒரு மணி நேரம்; மூன்று மா ஒரு ஏக்கர். எங்களுக்கு ஒரு வேலி, அதாவது இருபது மா. முதல் நாள் மாலை நாலு மணிக்குத் தொடங்கி மறுநாள் பகல் பன்னிரண்டு வரை எங்கள் முறை. அதற்கு அடுத்து அவனுடைய ஐந்து மா, பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை. அதோடு வாய்க்கால் முடிந்துவிடும்.

அந்த ஐந்து மாவும் ஒரு காலத்தில் எங்கள் பெரியப்பாவுடையது. அவன் தாத்தா அதே வயலில் எங்கள் தாத்தாவிடம் பண்ணையாளாக இருந்தவர். ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலுக்கு மடை திறந்த மனுஷர். அவன் அப்பா லாரி ஓட்டிச் சேர்த்து அந்த வயலை வாங்கினார். காலனித் தெருவில் சொந்த நிலத்துக்குச் சொந்த முறை வைத்திருந்த முதல் குடும்பம் அவர்களுடையது. முறையில் கடைசி என்பதை யாரும் யோசித்து வைத்ததாகத் தெரியவில்லை, வயல் கடைசியில் இருந்தது, முறையும் கடைசி. யோசிக்காமலே இப்படி அமைந்துபோகிற காரியங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. நீடாமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் 'நீ, வா, போ' என்று பேசிக்கொள்வோம். பஸ்ஸை விட்டு எங்கள் ஊரில் இறங்கியதும் அவன் 'நீங்க' என்பான், நான் 'நீ' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து அமெரிக்காவிலிருந்து போன் பண்ணியபோது எடுத்த எடுப்பில் "நீ எப்படி இருக்கே?" என்றான். அன்றைக்குத்தான் உறைத்தது.

அவனுடைய வரிசைப் பைத்தியம் வயலோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடக் குழாயடியில் தலைமையாசிரியர் வீட்டுப் பையன் நடுவில் புகுந்தால் தோளைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவான். அதே சமயம், தன் முறை வரும்போது தம்ளரைக் கழுவாமல் வந்துவிட்டது தெரிந்தால், தானே வரிசையின் வாலுக்குப் போய்விடுவான். "இங்கேயே கழுவிக்கோடா, யாரு கேக்கப் போறா" என்று நாங்கள் கத்துவோம். "என் முறையில நான் ரெடியா இல்ல, அது என் தப்பு" என்பான். முடி வெட்டுகிற கடையிலும் இப்படித்தான். அவனுக்கு முன்னால் வந்தவர் டீ குடிக்கப் போயிருந்தால் நாற்காலி காலியாகவே இருக்கும், இவன் உட்கார மாட்டான். கடைக்காரர் கத்தரியை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. நியாயஸ்தர்களோடு பழகுவது அப்படி ஒன்றும் சுகமான காரியம் இல்லை.

என் கல்யாணத்துக்கு வந்தான். மன்னார்குடியில் மண்டபம். முதல் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டான். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் காலனித் தெருக்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. என் மாமா ஒருவர் இலையருகில் போய், குரலில் தேன் தடவிக்கொண்டு, "தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துடட்டுமே, நீங்க அடுத்த பந்தியில…" என்று இழுத்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் கை கழுவலைங்க. நான் வந்து முக்கா மணி நேரம் ஆச்சு. இந்த வாசல்ல முதல்ல நின்னது நான்தாங்க. வேணும்னா வாசல்ல பன்னீர் தெளிக்கிற பொண்ணக் கேளுங்க."

சண்டைக்காரன் குரலில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னான். மாமா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அப்பளம் கேட்டு வாங்கிக்கங்க" என்று சொல்லி நகர்ந்தார். அன்றைக்கு அவன் பாயசம் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன்.

அவன் ஏன் அப்படி ஆனான் என்பதை நான் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் சௌகரியம்.

நாங்கள் பத்தாவது படித்த வருடம் தண்ணீர் ரொம்பக் குறைவு. தை பிறந்துவிட்டது, இரண்டாம் போகமான தாளடிப் பயிர் பால் பிடிக்கிற நேரம், எங்கள் மேல்வயலில் தண்ணீர் ஏறவில்லை. என் அப்பா அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "இந்தச் சுத்து உன் அஞ்சு மணி நேரத்தையும் எனக்கு விட்டுடு. அடுத்த சுத்துல என் முறையில அஞ்சு மணி நேரம் சேத்து எடுத்துக்க" என்றார். எங்கள் ஊரில் இப்படி முறை மாற்றிக்கொள்வது உண்டு. மாற்றிய முறையைத் திருப்பிக் கொடுப்பது சத்தியம் மாதிரி, அதற்குச் சாட்சி வேண்டாம், சீட்டு வேண்டாம். அவன் அப்பா "சரிங்க" என்றார்.

எட்டு நாள் கழித்து எங்கள் முறை வந்தது. காலை ஏழு மணிக்கே அவன் அப்பா மண்வெட்டியோடு வந்து நின்றார். அப்பா, "இரு, மேல்வயல் இன்னும் ஏறல, பாக்கலாம்" என்றார். ஒன்பது மணிக்கும் பார்க்கலாம் என்றார். பதினொன்றுக்கும் அதையே சொன்னார். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் முறை வந்தபோது வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர் இருந்தது, இரண்டு மணிக்கு அதுவும் இல்லை. மேலே அணையை மூடிவிட்டார்கள். அந்த வருடம் எங்களுக்குக் கண்டுமுதல் சுமார். அவர்களுக்கு ஐந்து மாவும் பதர். மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள்.

அப்பா கெட்டவர் இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். எங்களுக்கு நல்ல அப்பா. ஆனால் அன்றைக்கு அவர் செய்தது திருட்டு. அதைத் திருட்டு என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, மறந்துபோய்விட்டது என்றுதான் சொன்னோம். அடுத்த வருடம் முறை வைத்தபோது அவன் டைம்பீஸோடு வந்து உட்கார்ந்தான். அவன் அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அவனிடம் முறை மாற்றக் கேட்டிருக்கிறார்கள். "மாத்துறது இல்லைங்க. என்னோடத நான் எடுத்துக்குறேன், ஒங்களோடத நீங்க எடுத்துக்குங்க" என்பதுதான் பதில். ஒருமுறை என் அண்ணனே கேட்டான். அவனுக்கும் அதே பதில், கூடவே ஒரு "அண்ணே" மட்டும் சேர்ந்தது.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு அப்பாவைப் போலவே லாரி ஓட்டினான். திருவிடைமருதூர்ப் பக்கத்துப் பெண், நர்ஸ், அவளைக் கட்டினான். அவளுக்கு அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து, அவள் பேப்பரில் இவனும் போனான். புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு அவர்கள் லுத்தரன் கோயிலில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து. போகிற பிள்ளை என்று ஐயர் அவனை முதலில் வரச் சொல்லிக் கை காட்டினாராம். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்த வரிசையோடுதான் எழுந்து போனான் என்று அவன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லுத்தரன் சபையில் பாதிரியாரை ஐயர் என்பார்கள். அந்த ஐயரும் சிரித்துவிட்டாராம்.

அங்கே போய்க் கொஞ்ச நாள் கிடங்கு வேலை பார்த்துவிட்டு, அந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனில் பிடிபிடியென்று பிடித்தேன். காரணம் சொன்னான். அவன் அப்பா அதற்குள் இறந்துவிட்டிருந்தார், அம்மா தனியாக இருந்தார். அம்மாவை அழைத்துக்கொள்ள அந்த நாட்டுக் குடிமகனாக வேண்டும். அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பட்டாளத்தில் இருந்தால் சீக்கிரம்.

"அப்ப வரிசையத் தாண்டுறேன்னு சொல்லு" என்று சீண்டினேன்.

நான் சிரிப்புக்குச் சொன்னது அவனைத் தைத்துவிட்டது.

"தாண்டல. இது வேற வரிசை. இந்த வரிசையில நிக்கிறதுக்கு ஆளு கம்மி, அவ்வளவுதான்."

அவன் அம்மாவோ அமெரிக்கா போகிற யோசனையே இல்லாமல் இருந்தார். "அஞ்சு மா வயல யாரு பாக்குறது? இவன் அங்க உக்காந்துகிட்டு மனு போடுறான், நான் இங்க நாத்து விடுறேன்" என்பார். வயலை அவர்தான் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். முறை வைக்கிற வருடங்களில் டைம்பீஸை அதே துண்டில் சுற்றிக்கொண்டு அவரே வந்து உட்கார்ந்தார். முறை நாளில் அவன் போன் செய்து, "தண்ணி வந்துச்சாம்மா? எத்தனை மணிக்குத் தொறந்தாங்க?" என்று கேட்பானாம். அங்கே அப்போது நடுராத்திரியோ என்னமோ.

குடியுரிமை கிடைத்தது. சின்னக் கொடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ அனுப்பினான். அடுத்த மாதம் அவனை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். அங்கே லாரிதான் ஓட்டினான். ஏழாவது மாதம், வரிசையாகப் போன வண்டிகளில் முதல் வண்டி ரோட்டில் புதைத்திருந்த குண்டில் ஏறியது. முதல் வண்டியை ஓட்டியது அவன்.

அவன் மனைவி போன் பண்ணி எனக்குத்தான் முதலில் சொன்னாள், அம்மாவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும் என்று. சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியவில்லை. உடலை அங்கேயே அடக்கம் செய்தார்கள். அம்மாவுக்கு அவசர விசா தருகிறோம் என்றார்கள். அவர் போகவில்லை. "மண்ணு தள்ளுன பொறவு போயி எதப் பாக்குறது" என்றார்.

ஊர் இளைஞர்கள் பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தன்னிடம் இருந்த பட்டாளத்து உடம்பில் அவன் தலையை ஒட்டிவிட்டார். நம் நாட்டுச் சீருடை, நம் கொடி, பின்னால் பனிமலை. நான் பதறிப்போய், மாற்றச் சொல்லட்டுமா என்று அவன் அம்மாவைக் கேட்டேன். நின்று நன்றாகப் பார்த்தார். "மொகம் அவன்தானே, இருந்துட்டுப் போவுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்டார்.

"டீச்சர், அன்னிக்கு மொத வண்டி ஓட்ட வேண்டியது அவன் முறைதானா?"

எனக்கு என்ன தெரியும்? வந்த பேப்பர்களில் அதெல்லாம் இல்லை. அவன் மனைவியைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. "அவன் முறையாத்தாம்மா இருக்கும்" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பதின்மூன்று வருடம். கல்லறைத் திருநாளில் பார்த்தால் கேட்பார். ரேஷன் கடையில் பார்த்தால் கேட்பார். அவருக்கு வேறு எதன்மேலும் குறை இல்லை. நாட்டின்மேல் இல்லை, குண்டு வைத்தவன்மேல்கூட அதிகம் பேசியதில்லை. "அவன் முறைன்னா அது ஆண்டவர் குடுத்தது. நான் வாயத் தொறக்க மாட்டேன். வேற ஒருத்தன் முறையில அவனத் தள்ளிவுட்டிருந்தா? அவங்கப்பாவ மாதிரி அவனும் ஏமாந்து போயிருந்தா?" இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த மரியாதை எனக்கு உறுத்தும்.

போன தை மாதம், பொங்கல் கழித்து நாலாம் நாள், திருச்சியிலிருந்து ஒரு வாடகைக் கார் காலனித் தெருவில் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்துச் சீனாக்காரர் என்று தெருவில் முடிவு கட்டிவிட்டார்கள். இங்கிலீஷ் பேசுகிறார் என்று எனக்கு ஆள் வந்தது. நான் போனபோது மணி பத்தரை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், நாற்பது வயதிருக்கும். அம்மா எதிரில் தரையில். இருவருக்கும் நடுவில் யாரும் தொடாத காபி.

அவர் பிலிப்பைன்ஸ்காரர். அவரும் இவனைப் போல அங்கே குடியேறிப் பட்டாளத்தில் சேர்ந்தவர். ஒரே படைப்பிரிவு, ஒரே வேலை. "நாங்கள் இரண்டு பேர்தான் மூன்று வேளையும் சோறு தேடியவர்கள்" என்றார். நான் அதை அம்மாவுக்குச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. வந்திருந்தவர் பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், அம்மாவைப் பார்க்க அவரால் முடியவில்லை. முதல் வண்டியை யார் ஓட்டுவது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டாம். அன்றைக்குப் பட்டியலில் இருந்தது அவர் பெயர்.

சொல்லாமல் இருந்துவிடலாம், மாற்றிச் சொல்லிவிடலாம், அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தது எனக்கு மட்டும்தான். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் 'பாக்கலாம்' என் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை. கேள்விதான் வந்தது.

"குடுத்துட்டானா, மாத்திக்கிட்டானா? கேளுங்க."

கேட்டேன். அன்று காலை அவர் மனைவிக்குப் பிரசவ வலி. போனில் பேச அந்த ஒரு நேரம்தான் கிடைத்தது. அவர் இவனிடம் வந்து கெஞ்சினார். யாரோடும் மாற்றிக்கொள்ளாதவன் என்று இவனை எல்லோரும் கேலி பேசுவார்களாம், அதனால் நம்பிக்கையே இல்லாமல்தான் கேட்டாராம். இவன் பட்டியலை வாங்கிப் பார்த்தான். "இன்றைக்கு உன்னுடையது எனக்கு, நாளைக்கு என்னுடையது உனக்கு" என்று சொல்லி, இரண்டு பெயரையும் அடித்து மாற்றி எழுதி, பக்கத்தில் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லித் தானும் போட்டான். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் தமிழில் அவன் கையெழுத்து.

அம்மா அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விரலால் கையெழுத்தைத் தடவினார். பிறகு சிரித்தார். பதின்மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, சிரிப்போடு கண்ணும் கொட்டியது.

"கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் போயிருக்கான் பாருங்க டீச்சர். ஏமாறல. யாரும் தள்ளிவுடல. அவனே பாத்து மாத்திக்கிட்டிருக்கான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மறுநாளு இவரு அவன் முறையில போனாரா?"

போகவில்லை. மறுநாள் வண்டிகள் கிளம்பவில்லை. அதற்கு மறுநாள் அந்தப் பிரிவையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். "மகளுக்குப் பதின்மூன்று வயதாகிறது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் கேக் வெட்டும்போது நான் வீட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்கிறேன்" என்றார் அவர். "அந்த முறையை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை."

இதையும் அம்மாவுக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து உள்ளே போனார். வரும்போது ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய டைம்பீஸ்.

"இன்னிக்கு எங்க முறை. பன்னெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும். அவன் நிக்க வேண்டிய எடத்துல இவர வந்து நிக்கச் சொல்லுங்க."

கடைசிச் சுற்று அது. இன்னும் நாலைந்து நாளில் மேட்டூரை மூடிவிடுவார்கள், பயிர் பால் பிடித்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் வரப்பில் வரிசையாக நடந்தோம். அவர் ஷூவைக் கழற்றிக் காரிலேயே போட்டுவிட்டு வந்தார். வரப்பில் நடந்த நடையிலேயே தெரிந்தது, அவரும் சேற்றுக்காரர்தான். "எங்கள் ஊரிலும் நெல்தான்" என்று தன் காலைக் காட்டிச் சொன்னார்.

என் அண்ணன் எங்கள் மடையருகில் நின்றுகொண்டிருந்தான். "யாரு இவரு?" என்றான்.

"அவன் முறைக்கு ஆள் வந்திருக்கு" என்றேன்.

அண்ணன் அவரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மணி பன்னிரண்டாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வழக்கமாகப் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவனுக்குக் காது கேட்கும். அன்றைக்கு அவனாகவே வைக்கோலும் மண்ணும் வைத்து மடையை அடைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். ஆனால் வந்தவர் திறக்கவில்லை. டைம்பீஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அது கணகணவென்று அடித்த பிறகுதான் மண்வெட்டியைப் போட்டார். மூன்றே வெட்டு. தண்ணீர் திரும்பி ஐந்து மாவுக்குள் இறங்கியது.

ஐந்து மணி நேரமும் அவர் உட்காரவில்லை. பூவரச மரத்தடி நிழலுக்கு வரச் சொன்னோம், வரவில்லை. அம்மா சோறு கொண்டுவரச் செய்தார். சாம்பார் சாதமும் வாழைக்காயும். மடைக்குப் பக்கத்தில் நின்றபடியே கையால் பிசைந்து சாப்பிட்டார். நடுநடுவே போய் வரப்பில் எலி வளை ஏதும் இருக்கிறதா என்று பார்த்து மிதித்துவிட்டு வந்தார். ஐந்து மணிக்கு டைம்பீஸ் அடித்தது. மடையை அடைத்து, மண்ணை அணைத்து, மண்வெட்டியை வாய்க்காலில் கழுவி, அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"முடிஞ்சிடுச்சின்னு சொல்லுங்க டீச்சர்" என்றார் அம்மா. "இனிமே புள்ள பொறந்த நாளுக்கு வெளியில போயி நிக்கக் கூடாது. உள்ள இருந்து கேக்கு திங்கச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் வரப்பிலேயே குந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மா அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறிய வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

கார் போன பிறகு நானும் அம்மாவும் மட்டும் தெருமுனையில் நின்றோம். அவர் டைம்பீஸைத் துண்டில் சுற்றினார். நிதானமாக, நாலு பக்கமும் மடித்துச் சுற்றினார். பிறகு அதை என் கையில் வைத்தார்.

"ஒங்க அப்பாவோடது ஒண்ணு நிக்கிதுங்க டீச்சர்."

பதின்மூன்று வருடமாகப் பார்க்காத என் முகத்தை அப்போது நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்தான், மகனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இனி ஆனியில்தான் தண்ணீர். முறை வைத்தால், எங்கள் முறையில் காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவர்களுக்கு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் 'பாக்கலாம்' என்று தொடங்கினான். பார்க்க ஒன்றும் இல்லை, மண்வெட்டியோடு நான் வந்து நிற்பேன் என்றேன். டைம்பீஸ் என் மேஜைமேல் இருக்கிறது. ஏழு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன், தினமும் அடிக்கிறது.